பாடல் பெற்ற பள்ளங்கள்

காருக்குள் ஒரு பெண் குரல் குடியிருக்கிறது. கோபமே வராத குரல். நாம் வழி தவறினால் "கண்ணு எங்க வச்சிருக்க?" என்று கேட்காது. புதுவழி சொல்லும். போன மாதம் விழுப்புரம் தாண்டி ஒரு மாநிலச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அந்தக் குரல் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வந்தது. முன்னால் பள்ளம். முன்னால் வேகத்தடை. விபத்து அதிகம் நடக்கும் பகுதி, கவனம். மறுபடி பள்ளம். வண்டி ஓட்டிய தம்பி கடுப்பாகிவிட்டான்.

"அண்ணே, இந்தம்மாவைப் பள்ளம் இல்லாத எடத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கண்ணே. வாயாச்சும் வலிக்காது."

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் பள்ளம் வந்துவிட்டது. குரல் சொன்ன அதே இடம். முன் டயர் உள்ளே இறங்கி ஏறியபோது என் பல்லும் பல்லும் மோதின. ஓரம் கட்டிப் பார்த்தால், டயர் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. தம்பி ஸ்டெப்னி மாற்ற இறங்கினான். நான் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். அந்த டீக்கடைக்குப் பிறகு வருகிறேன்.

டயர் போனதுகூடப் பெரிதில்லை. அந்தத் துல்லியம்தான் வயிற்றைக் கலக்கியது. இந்த நாட்டில் பஸ் நேரத்துக்கு வராது, முதியோர் பணம் நேரத்துக்கு வராது, தண்ணி லாரி வந்தால் வந்த மாதிரி. பள்ளம் மட்டும் சொன்ன மீட்டரில் வந்து நிற்கிறது! யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். குறித்திருக்கிறார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை போட்டு வரைபடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்குத் தமிழில் குரல் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இத்தனை கை பட்ட பள்ளத்தில் ஒரு கையிலும் ஒரு சட்டி தார் இல்லை.

சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய கோயில்களைப் பாடல் பெற்ற தலங்கள் என்கிறோம். பாடாத கோயிலிலும் சாமி உண்டு. ஆனாலும் பாடல் பெற்ற தலத்துக்கு மவுசே வேறு. இப்போது பள்ளங்களுக்கும் அந்த யோகம் அடித்திருக்கிறது. சாதாரணப் பள்ளம் ஒன்று, பாடல் பெற்ற பள்ளம் ஒன்று. இரண்டாவதற்கு ஓதுவார் உண்டு. நீங்கள் வரும்போதெல்லாம், ஐந்நூறு மீட்டருக்கு முன்னாலேயே, கணீரென்று பாடி வரவேற்பார்.

அந்தப் பாட்டில் 'விபத்துப் பகுதி' என்று இடம் பிடிக்கும் தகுதி சும்மா கிடைத்துவிடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளம். கடந்த மூன்று காலண்டர் ஆண்டுகள். அதற்குள் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த விபத்து 5 நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 10 பேர் செத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் 'பிளாக் ஸ்பாட்'. தமிழில் கரும்புள்ளி.

கணக்கை நிதானமாகப் படியுங்கள். நாலே விபத்தில் ஒன்பது பேர் செத்த இடம் பட்டியலில் வராது. விபத்திலும் ஒன்று குறைகிறது, பிணத்திலும் ஒன்று குறைகிறது. கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. யாராவது ஒரு புண்ணியவான் அந்த வழியாக வந்து எண்ணிக்கையை நிறைவு செய்ய வேண்டும். காலாவதித் தேதியும் இருக்கிறது. மூன்று ஆண்டு தாண்டினால் பழைய சாவு செல்லாது. செத்தவன் மனைவிக்கு அந்தச் சாவு ஆயுசுக்கும் செல்லும், அரசாங்கக் கணக்கில்தான் செல்லாது.

அந்தக் காலத்தில் ஊரை ஏமாற்றியவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள் என்று சொல்வோம். நாமும் குத்துகிறோம். புள்ளியை ரோட்டுக்குக் குத்திவிட்டோம். கழுதைமேல் ஏறியிருக்க வேண்டியவர் பதவி உயர்வில் போய்விட்டார்.

தகவல் இல்லையே, என்ன செய்வது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐராட் என்கிற ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தகவல் தளம் சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்பில் உருவானது. 2021-இல் வெள்ளோட்டம் விட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்தில் நின்றே செல்போனில் விவரத்தை ஏற்றலாம். அதே 2021 டிசம்பரில் அமைச்சகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் மேப்மைஇந்தியா நிறுவனமும் சேர்ந்து இலவச வழிகாட்டிச் செயலி ஒன்றை வெளியிட்டன. விபத்துப் பகுதி, வேகத்தடை, கூர்மையான வளைவு, பள்ளம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லும். நல்ல மூளை, நல்ல உழைப்பு. செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் நாட்டின் எக்ஸ்ரேயை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய டாக்டர் எலும்பு முறிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, படத்தை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, "நடக்கும்போது ஜாக்கிரதை" என்று பீஸ் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

எச்சரிக்கையே கூடாது என்று சொல்லவில்லை. மலைப்பாதையில் மூடுபனி இறங்கும். முதுமலையில் யானை குறுக்கே வரும். அதையெல்லாம் டெண்டர் விட்டு மாற்ற முடியாது. அங்கே காருக்குள் ஒரு குரல் எச்சரித்தால் அதைக் கும்பிடலாம். பனியும் யானையும் இயற்கை. பள்ளம் யாருடைய இயற்கை? அதற்கு மதிப்பீடு உண்டு, ஒப்பந்தம் உண்டு, அளவுப் புத்தகம் உண்டு, பில் உண்டு, பில்லில் கையெழுத்து உண்டு. பிறப்புச் சான்றிதழோடு பிறந்த குழந்தை அது. அதைப் போய் மேகம், மழை, விதி என்கிற வரிசையில் உட்கார வைத்து "முன்னால் பள்ளம், கவனம்" என்கிறார்கள்.

வேகத்தடை கதை இன்னும் விசேஷம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் அதற்கு அளவு வகுத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். தொட்டில் மாதிரி ஏறி இறங்க வேண்டும். நம் ஊரில் அது உருவாகும் முறை வேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை லாரி அடிக்கும். ஊர் மறியலில் உட்காரும். தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார், பேச்சுவார்த்தை நடக்கும். அன்று ராத்திரியே மிச்சத் தாரையும் ஜல்லியையும் கொட்டி, பன்றி முதுகு மாதிரி ஒன்றை எழுப்பிவிட்டுப் போவார்கள். வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை, விளக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து இருட்டில் பைக்கில் வந்தவன் அதில் தூக்கி எறியப்படுவான். ஒரு சாவுக்குப் பரிகாரமாகக் கட்டியது அடுத்த சாவுக்குக் காரணமாகும். செயலி உடனே அதையும் தன் பதிகத்தில் சேர்த்துக்கொள்ளும்: "முன்னால் வேகத்தடை."

சாலையோரம் நிற்கும் பேரிகார்டைப் பார்த்திருப்பீர்கள். 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று மேலே சின்ன எழுத்து. கீழே பெரிய எழுத்தில் எலும்பு முறிவு ஆஸ்பத்திரி விளம்பரம், போன் நம்பரோடு. முன்னெச்சரிக்கையும் பின்னேற்பாடும் ஒரே தகரத்தில். தொலைநோக்கு என்றால் இதுதான்!

தவறாமல் நேரத்துக்கு வரும் எச்சரிக்கை இன்னொன்றும் உண்டு. 2021-இல் ஃபாஸ்டேக்கைக் கட்டாயமாக்கினார்கள். சுங்கச்சாவடியில் கம்பம் தூக்குவதற்குள் கண்ணாடியில் ஒட்டிய சீட்டை மெஷின் படித்துவிடும். பணம் போய்விட்டது என்று செல்போன் சிணுங்கும். நம் பையில் இருக்கும் ரூபாயைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடிக்கிற அறிவியல், அதற்கு அடுத்த கிலோமீட்டரில் இருக்கும் குழியை ஒரு வருஷமாக 'ஆய்வு' செய்துகொண்டிருக்கிறது.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், பரேலி–பதாயூன் வட்டாரத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ராம்கங்கா ஆற்றின் மேல் பாலம். ஒரு பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் அந்தரத்தில் நின்றது. கல்யாணத்துக்குப் போன மூன்று பேர், செல்போன் காட்டிய வழியில் வந்து, பாலம் முடிந்த இடத்தில் ஆற்றுக்குள் விழுந்து செத்தார்கள். குறுக்கே தடுப்பு இல்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள்மீதும் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவர்மீதும் வழக்குப் பதிந்தார்கள். நாடு முழுக்க அன்று ஒரே விவாதம்: மேப்பை இப்படி நம்பலாமா? தொலைக்காட்சியில் நிபுணர்கள் செல்போனைத் திட்டித் தீர்த்தார்கள். ஆறு கொண்டுபோன பாலத்துக்கு முன்னால் நாலு கல்லையும் ஒரு மரத்தையும் குறுக்கே போடக் கை வராதது எப்படி என்ற கேள்வி எங்கோ கடைசியில், விளம்பர இடைவேளைக்குப் பின்னால் வந்தது. வீட்டுக் கிணற்றுக்குக்கூட நம் பாட்டிகள் மூடி போட்டு வைத்தார்கள். அவர்களிடம் சாட்டிலைட் இல்லை.

இதற்குள் நீங்கள் தலையாட்டிக்கொண்டு "அரசாங்கம் அப்படித்தான்" என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள், நம் பங்கும் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களெல்லாம் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஒலி எழுப்பும், 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். என்ன செய்கிறோம்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறோம். பெல்ட் போடாவிட்டால் கார் கூப்பாடு போடும். அதன் வாயை அடைக்க, பெல்ட்டே இல்லாத வெறும் கொக்கியை வாங்கிச் செருகுகிறோம். அப்படிப்பட்ட கொக்கிகளை விற்ற இணையக் கடைகள்மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. ஐந்து தளங்களிலிருந்து நீக்கிய விற்பனைப் பதிவுகள் மட்டும் 13,118. தன் உயிரைக் காக்க வந்த சத்தத்தைக் காசு கொடுத்துக் கொன்ற ஜனங்கள் நாம். தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை உருட்டி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற கார்களை நசுக்குவதும் நாம்தான். அங்கே 2020 டிசம்பரில் ஒரே விபத்தில் நான்கு உயிர், 2024 ஜனவரியில் மறுபடி ஒரே விபத்தில் நான்கு உயிர்.

ஆனால் ஒன்று. நான் பெல்ட் போடாவிட்டால் எனக்கு அபராதம் உண்டு. தம்பி வேக வரம்பைத் தாண்டினால் கேமரா அவனைப் படம் பிடிக்கும். பள்ளத்தைப் படம் பிடித்த கேமரா யாருக்கு ரசீது அனுப்பியது?

இப்போது டீக்கடை.

கீற்றுக் கொட்டகை, பாய்லர், இரண்டு பெஞ்சு. அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பிஸ்கெட் பாட்டில்களுக்குப் பக்கத்தில், துவைத்து மடித்த பழைய வேட்டிகள் ஒரு கட்டு. பக்கத்தில் டெட்டால்.

"வேட்டி எதுக்கும்மா? விக்கறீங்களா?"

"அட நீங்க ஒண்ணு சார். அடிபட்டு விழறவங்களுக்குக் கட்டத்தான். நூத்தியெட்டு வர்றதுக்குள்ள ரத்தம் போயிடுதுல்ல."

ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சவுக்குக் கழி நட்டு, உச்சியில் சிவப்புச் சேலைத் துண்டு கட்டியிருந்தது. மழையிலும் லாரிக் காற்றிலும் நார்நாராகிப் பாதிதான் மிச்சம். காரிலிருந்து என் கண்ணுக்கு அது படவே இல்லை. நான் செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அது என் சேலைதான். மாசத்துக்கு ஒண்ணு கிழியுது. ராத்திரில யாருக்கும் தெரியறதில்ல, பைக்காரங்கதான் விழறாங்க. காரு குதிச்சிட்டுப் போயிடும். போன மழைல ஒரு பொண்ணு, கைப்புள்ளையோட..." பாதியில் நிறுத்திவிட்டு டீயை நீட்டினார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"மூடவே மாட்டாங்களாம்மா?"

"மூடுவாங்க சார். மந்திரி வந்தா மூடுவாங்க. மந்திரி போனா அதுவா தொறந்துக்கும்."

அவர் சொன்ன பைக்காரர்களின் கணக்கு அரசாங்கத்திடமே இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897, நடந்து போனவர்கள் 32,825. இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. செத்தவர்கள் 17,884. காருக்குள் குரல் வைக்கிறோம், ஏ.சி. காற்றில் எச்சரிக்கை மிதக்கிறது. எக்ஸெல் வண்டியில் பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்குப் போகிறவருக்கு எந்தத் திரை? நூறு நாள் வேலை முடிந்து ரோட்டோரம் நடக்கிற கிழவிக்கு எந்தக் குரல்? சாவு ஒரு பக்கம் இருக்கிறது, எச்சரிக்கை இன்னொரு பக்கம் இருக்கிறது. நடுவில் சென்டர் மீடியன்.

நான் செல்போனை எடுத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். இந்தப் பள்ளம் இதில் இருக்கிறது, வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டது என்று ஏதோ பெருமை மாதிரி சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதுக்குத் தெரியுதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா ரோட்டு ஆபீஸ்காரங்களுக்குச் சொல்லாம ஒங்களுக்கு எதுக்கு சார் சொல்லுது? நீங்களா வந்து மூடப் போறீங்க?"

ஸ்டெப்னி மாட்டியாகிவிட்டது. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கேள்வியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த பிரிவு 198ஏ. சாலையை வடிவமைப்பவரோ கட்டுபவரோ பராமரிப்பவரோ தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால் அபராதம் உண்டு. எவ்வளவு? 1 லட்சம் ரூபாய் வரை. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள், அதற்குள் ஒரு ரூபாயும் அடக்கம். குடித்துவிட்டு, யாரையும் இடிக்காமல், வண்டி ஓட்டிப் பிடிபட்டால் 10,000. சாலையைக் கொலைக்களமாக்கி ஆளையே கொன்றால் அதிகபட்சம் அதைப்போல் பத்து மடங்கு. ஜெயில் கிடையாது.

அதே பிரிவு, நீதிமன்றம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாலையின் அந்தப் பகுதி ஆபத்தானது என்பது பொறுப்பானவர்களுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். பழுதுபார்க்க நியாயமான அவகாசம் இல்லாதிருந்தால், என்ன எச்சரிக்கை அறிவிப்பு வைத்திருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவதைப் படித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாளைக்கு ஒரு வக்கீல் கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார்: "கனம் நீதிபதி அவர்களே, எங்கள் கட்சிக்காரர் எச்சரித்தார். தமிழில் எச்சரித்தார். இனிமையான குரலில் எச்சரித்தார். இறந்தவர்தான் புளூடூத் இணைக்கவில்லை."

எச்சரித்தாகிவிட்டது என்றால் பழி மாறிவிடும். பள்ளம் அவர்களுடையது, விழுந்த குற்றம் நம்முடையது. பள்ளங்களால் 2013 முதல் 2017 வரை ஐந்தாண்டுகளில் 14,926 பேர் செத்ததைப் பார்த்துவிட்டு, எல்லையில் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்கும் போலிருக்கிறதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் பதறியது. எல்லையில் குண்டு வைத்தவனை எதிரி என்கிறோம். குண்டும்குழியுமாக வைத்தவனுக்கு அடுத்த பேக்கேஜும் கொடுக்கிறோம்.

ஆனால் வக்கீல் ஒன்றை மறந்துவிடக்கூடாது. சட்டத்தின் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: தெரியுமா? இத்தனை காலம் "எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்ற ஒற்றை வரியில் எல்லாரும் தப்பித்தார்கள். மனு கொடுத்தால் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது', நாற்று நட்டுப் போராடினால் 'நிதி வந்ததும்', செத்தால் 'ஆழ்ந்த இரங்கல்'. கவனத்துக்கு மட்டும் ஒருபோதும் வந்ததில்லை. அந்த வரியை அவர்களே கொண்டுவந்த செயலி கொளுத்திவிட்டது. கரும்புள்ளிப் பட்டியல் அமைச்சகத்துடையது, விபத்துத் தகவல் போலீசுடையது, குரல் கொடுப்பதற்குக் கூட்டாளி அமைச்சகமே.

அதனால் அந்தப் பெண் குரலை இனிமேல் யாரும் அணைத்துவிடாதீர்கள். பதிவு செய்து வையுங்கள், தேதியோடு, நேரத்தோடு. பள்ளத்தில் ஒருவர் செத்தால் அந்தக் குரலையே சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள். கோபப்படாது, குறுக்கு விசாரணையில் தடுமாறாது, யார் மிரட்டினாலும் பிறழ் சாட்சி ஆகாது.

"இந்தப் பள்ளம் இருப்பது முன்பே தெரியுமா?"

"தெரியும். ஐந்நூறு மீட்டருக்கு முன்பே தெரியும்."